மால்கம் கொண்டுவந்த சிந்தனை

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: கடந்த பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, டோங்கா நாட்டின் நுகுஅலோஃபா நகரில் சிந்தனை வந்து இறங்கியது. மெல்போர்னிலிருந்து அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர் மால்கம். அதுவரை நாங்கள் எப்படி உயிர் வாழ்ந்தோம் என்று அவருக்கும் ஆச்சரியம்தான்.

பயிற்சியின் பெயர் ‘மாணவர்க்கான சிந்தனை, உரையாடல் திறன்’. உள்ளூர் ஆசிரியர் நான். என் மாணவி ஹெய்லாலாவுக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் நர்சிங் பள்ளியில் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள், பயிற்சியின் மூன்றாம் வார வெள்ளிக்கிழமை.

அதற்கு முந்தின நாள், வியாழனன்று தேர்வு. காலை வகுப்பில் ஒருவர், மாலை வகுப்பில் ஒருவர் என்று மால்கம் ஜோடி சேர்த்தார். ஹெய்லாலாவுக்கு செமிசி. குடும்பப் பெயர் வேறு வேறு. ஆனால் அம்மாக்கள் அக்கா தங்கை. எங்களூரில் அப்படியென்றால் கூடப் பிறந்தவர்களேதான். வயது வந்த அண்ணனும் தங்கையும் ஓர் அறையில் சேர்ந்து உட்காரமாட்டார்கள். அட்டையில் வந்த தலைப்போ, ‘உங்கள் காதலைப் பற்றி மனம்திறந்து பேசுங்கள்’.

“யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? பயப்படாம சொல்லுங்க,” என்றார் மால்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். விருந்தாளியை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுவது எங்களுக்கு வழக்கமில்லை. எல்லாரையும்விட அகலமாகச் சிரித்தவன் நான்.

இருவரும் எதிரெதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நாலு நிமிடம். ஹெய்லாலாவின் காது சிவந்துவிட்டது. செமிசி எழுந்து, குனிந்தபடியே கதவைத் தாண்டி வெளியே போனான்.

மால்கம் எழுதினார். செமிசிக்கு: ‘கடினமான உரையாடலிலிருந்து தப்பி ஓடுகிறார்.’ ஹெய்லாலாவுக்கு: ‘கேட்பவரைத் தக்கவைக்கத் தெரியவில்லை.’ இருவருக்கும் சுழியம். மறுதேர்வு ஆறு மாதம் கழித்து.

செமிசி மாமரத்தடியில் நின்றிருந்தான்.

“நான் வெளிய வந்துட்டா அவளுக்கு வேற ஆளக் குடுப்பாங்கன்னு நெனச்சேன், சார். குடுத்தாங்களா?”

அந்த அறையில் யோசித்து ஒரு காரியம் செய்தவன் அவன் ஒருவன்தான். இல்லை என்று தலையாட்டினேன்.

ஹெய்லாலா வந்தாள். அண்ணன் நிற்பதைப் பார்த்துப் பத்தடி தள்ளியே நின்றாள்.

“நாங்க அண்ணன் தங்கச்சின்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?”

“தெரியும்மா.”

“மூணு வாரமா ‘வாயத் தொறந்து பேசு, பேசு’ன்னு எங்க உயிர எடுத்தது நீங்கதானே?” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “பரவால்ல, விடுங்க. வந்தவர் மனசு நோகக் கூடாதுல்ல?”

“சாயந்தரம் அவர்கிட்ட தனியா பேசுறேன்மா.”

மாலை மால்கமுக்குப் பிரிவு விருந்து. பன்றி சுட்டிருந்தார்கள். அவர் பக்கத்தில்தான் எனக்கு இடம். தீவு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது என்றார். சேப்பங்கிழங்கை அவர் பக்கம் நகர்த்தினேன். பிறகு என்னை எழுப்பி நிறுத்தி, ‘சிறந்த உரையாடலாளர்’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை விமானம் ஏறினார். மாலை நாலு மணிக்கு நர்சிங் பள்ளி அலுவலகத்தை மூடினார்கள்.