மோட்டாருக்கு எதுக்குப் படம்?

சேசுராஜின் சிங்கவரத்து நிலத்தில் மோட்டாருக்கென்றே ஒரு சிம் உண்டு. செஞ்சியில் லேத்துப் பட்டறை வேலையில் இருந்தபடியே அவர் அழைப்பார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் சிம் அவர் நம்பரை அடையாளம் கண்டு மோட்டாரைப் போட்டுவிடும். வேறு யார் அழைத்தாலும் அசையாது. நேற்றோடு ரீசார்ஜ் முடிந்து பெட்டி ஊமையாகிவிட்டது. வேர்க்கடலையில் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் நேரம். இன்று தண்ணீர் பாய்ந்தே ஆக வேண்டும்.

"ரேட்டு டபுளாயிடுச்சிண்ணா" என்றான் ரீசார்ஜ் கடை பிரசாந்த். "ஆனா தெனம் ரெண்டு ஜிபி, படம், பாட்டு எல்லாம் ஃப்ரீ."

சேசுராஜ் அங்கேயே நின்று ஸ்பீக்கரில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

"உங்க சிறந்த அனுபவத்துக்காகத்தான் சார் விலைய மாத்தியிருக்கோம்" என்றாள் ஒரு பெண்.

"அது மோட்டாரும்மா. பாட்டு கேட்டுக்கினா தண்ணி எறைக்கும்?"

"அந்த நம்பர யூஸ் பண்றவர்கிட்ட பேசலாமா சார்?"

"தாராளமா பேசு. அவரு அஞ்சு எச்பி. புது நம்பருன்னா எடுக்க மாட்டாரு. உங்க கம்பெனிய விட வெவரமானவரு."

பிரசாந்த் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். மறுமுனையில் அந்தப் பெண்ணின் குரல் தணிந்தது.

"பேசறதுக்கு மட்டும் பழைய ரேட்லயே ஒரு பிளான் இருக்கு சார். ஆப்ல காட்டாது. கடையில கேட்டா போடுவாங்க."

"இன்னாம்மா, வெலைய ஏத்தினத ஊருக்கே மெசேஜ் போட்டீங்க. இத மட்டும் பொத்தி வெச்சிருக்கீங்களே!"

பிரசாந்த் அந்த பிளானைப் போட்டான். சேசுராஜ் மோட்டாரை அழைத்தார். ஒரே மணியில் பதில் வந்தது: மோட்டார் ஓடுகிறது.

"பாத்தியாடா" என்றார். "ஒரு படம்கூட பாக்காம வேலைக்குப் போயிட்டாரு."