எழுபத்திரண்டாம் நம்பரின் பெயர்

சந்திரசேகரனை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டிருந்தால், அவரே மோட்டுவளையைப் பார்த்திருப்பார். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷ வேலை. அங்கே காலையில் பலகையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுகிற பித்தளை டோக்கன்தான் ஆள். இவருடையது 4172. கடைசி இரண்டு எண்ணை இந்தியில் சொன்னால் பஹத்தர். மேலதிகாரி திட்டுவதும் பஹத்தரைத்தான், "பஹத்தர் பாய், சாய் ஹோனா க்யா?" என்று கேன்டீன்காரர் டீ நீட்டுவதும் பஹத்தருக்குத்தான். வீட்டுக்கு வந்தால் மனைவி சகுந்தலாவுக்கு 'ஏன்னா'. கட்டின புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள். ரேஷன் ஆபீஸில் கேட்டால்கூட பேனாவை வாங்கி எழுதித்தான் காட்டுவாள். மகளுக்கு அப்பா. ஆக, அந்தப் பேர் பரணில் ஏற்றிய அண்டா மாதிரி சும்மா கிடந்தது. அதில் மனுஷனுக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் கூத்து!

குறையெல்லாம் மகள் சுபாஸ்ரீக்கு. மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பேரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். சேருகிற அன்றைக்கு 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் நகரமாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடிக்க, அப்பா பேரை முழுசாகப் போட்டுவைத்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி. கழுத்தில் தொங்கும் அட்டை, மெயில், அமெரிக்க மேனேஜரின் டெலிபோன், எல்லாவற்றிலும் அவள் சந்திரசேகரன். பக்கத்து சீட்டுக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் 'டியர் சந்திரசேகரன்' என்றே பதில் வந்தது.

"நான் படிக்கற நாவல்ல எல்லாம் வருங்காலத்துல ஒரு ஊர் வரும்ப்பா. அங்க யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். கொஞ்ச நாள்ல தான் யாருங்கறதே மறந்துபோயிடும்," என்றாள் ஒருநாள் கண் கலங்க. "எனக்கு இப்பவே அப்படித்தான் இருக்கு. நேத்து லிஃப்ட்ல யாரோ சுபான்னு கூப்பிட்டா, எனக்குத் திரும்பவே தோணல."

"நம்பரா? அந்த ஊர்ல கேன்டீன் எப்படி?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசியில் கம்பெனியின் பணியாளர் அதிகாரி பத்மப்ரியா ஒரு வழி சொன்னாள். அது தன்னுடைய பேர், மகளுடையது இல்லை என்று அப்பாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மாற்றிவிடலாம். ஆனால் கடிதம் சனிக்கிழமை கம்பெனியில் நடக்கும் குடும்ப விழாவுக்குள் வரவேண்டும். திங்கட்கிழமை புது சிஸ்டம் வந்துவிடும், அப்புறம் பிரம்மாவே வந்தாலும் மாற்றமுடியாது. யூனியனுக்காக நூறு மனு எழுதிய கை இவருடையது. ஒரே மூச்சில் எழுதி, உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விழாவன்று வாசலில் ரிஜிஸ்டரை நீட்டினார்கள். பெயர் என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் 4172 என்று எழுதினார். "நன்னாயிருக்கு! ஃபாக்டரிக்கா வந்திருக்கோம்?" என்று சகுந்தலா சிரித்தாள்.

உள்ளே எண்ணூறு பேர் இருந்தார்கள். அந்த வருஷத்துச் சிறந்த பணியாளர் யார் என்று மேடையில் மைக் அறிவித்தது.

"சந்திரசேகரன்!"

மனுஷன் சடக்கென்று எழுந்து நின்றுவிட்டார். "ஏன்னா, உக்காருங்கோ! அவளைன்னா கூப்பிடறா!" என்று சகுந்தலா சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்காரவா முடிந்தது? அதற்குள் கூட்டம் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சந்திரசேகரன்! சந்திரசேகரன்! மேஜையைத் தட்டித் தட்டிக் கூவினார்கள். தெலுங்குக்காரர் ஒரு மாதிரி இழுத்தார், பஞ்சாபிக்காரர் ஒரு மாதிரி வெட்டினார், எல்லாம் சேர்ந்து கூரையில் மோதித் திரும்பி வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடேயப்பா, இத்தனை பெரிய பேரா நம்முடையது! முப்பத்து மூன்று வருஷம் இது எங்கே போயிருந்தது? மேடையில் மகள் கோப்பையை வாங்கியதைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு பத்மப்ரியா அவளாகவே வந்து வணக்கம் சொன்னாள். "சார், ஏதோ லெட்டர் கொண்டுவர்றதா சொன்னாங்க..."

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. கொடுத்தால் திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பேரைக் கூப்பிட உலகத்தில் ஒரு நாதி கிடையாது. கை வெறுமனே திரும்பி வந்தது. "மறந்துட்டேம்மா," என்றார். தூரத்தில் சுபாஸ்ரீ கோப்பையோடு நின்று, கொடுத்தாச்சா என்று சைகையால் கேட்டாள். இவர் தலையை ஆட்டிவைத்தார். பெற்ற பெண்ணிடமே பொய்! அவமானம் பிடுங்கித் தின்ன, சகுந்தலாவுக்குக்கூடக் காத்திராமல் விடுவிடுவென்று வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார்.

"சந்திரசேகரன்!"

மைக் இல்லை, கூட்டம் இல்லை. ஒரே ஒரு குரல், அதுவும் நடுங்கியது. அவருக்கு அந்தக் குரலைத் தெரியும். அந்தக் குரலில் அந்தப் பேரைத்தான் தெரியாது.

மெல்லத் திரும்பினார். படியில் சகுந்தலா நின்றிருந்தாள், முகம் குங்குமமாகச் சிவந்திருந்தது. "எல்லாம் பாத்துண்டுதான் இருந்தேன்," என்றாள். "அது குழந்தையோட பேர் விஷயம். போய்க் குடுத்துட்டு வாங்கோ."

எண்ணூறு பேர் கூவியபோதுகூட அவருக்கு இப்படி மூச்சு நிற்கவில்லை. "இன்னொரு தரம் கூப்பிடேன்," என்றார், கெஞ்சலாக.

"ஆசையைப் பாரு! முதல்ல குடுத்துட்டு வாங்கோ. ஆத்துக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

படிகளை இரண்டிரண்டாக ஏறினார். பத்மப்ரியா இன்னும் அங்கேதான் இருந்தாள். உறையை அவள் கையில் வைத்தார்.

"என் பொண்ணு பேர் சுபாஸ்ரீ," என்றார். "சந்திரசேகரன் நான்தாம்மா."