எண்ணெய்ச்சட்டி ஏற்றிய வீடு

மாவு பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டிருந்தது. நுன்சியாத்தா மேலே போர்த்தியிருந்த கம்பளியைத் தூக்கி, விரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி, உறக்கத்தில் புரள்கிறவனைப் போல மெல்ல மேலெழுந்தது.

"வேண்டாம் நுன்சியா," என்றான் அவள் புருஷன் சவேரியோ. சுவரோரம் நாற்காலியில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். "ஊரே பாக்கும்."

"பாக்கட்டும். அதுக்குத்தான் பொரிக்கிறேன்."

"அந்தத் துறைமுக ஆபீஸர் என்ன சொன்னாரு? தேடுறதை நிறுத்தியாச்சுன்னு உன் காதுலயும்தான விழுந்துச்சு?"

"தேடுறதைத்தான நிறுத்துனாங்க. நம்ம புள்ளையையா நிறுத்துனாங்க?"

திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கடலின் சத்தம் வந்தது. வேறு பண்டிகை நாட்களில் அது யார் காதிலும் விழுவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்தக் கரையோர ஊரில் எண்ணெய்ச்சட்டி ஏறாத வீடு இருக்காது. உருளைக்கிழங்கை மசித்து, மாவோடு பிசைந்து, பொங்கவிட்டு, வளையம் வளையமாகப் பொரித்தெடுப்பார்கள். குல்லூரி என்று பேர். சாவு விழுந்த வீடு மட்டும் அந்த வருஷம் பொரிக்காது. அக்கம்பக்கத்தார் தங்கள் சட்டியிலிருந்து எடுத்து, தட்டில் வைத்துத் துணியால் மூடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுக்கிறவளும் ஒன்றும் சொல்லமாட்டாள், வாங்குகிறவளும் ஒன்றும் சொல்லமாட்டாள். தட்டை வாங்கிவிட்டால் சாவை ஒப்புக்கொண்டாயிற்று.

நவம்பர் கடைசியில் போன படகு திரும்பவில்லை. அதில் இரண்டு பேர். ஒருவன் நுன்சியாத்தாவின் ஒரே மகன் கதால்தோ. இன்னொருவன் படகின் சொந்தக்காரன் பியாஜோ, தெருவின் மேல்கோடியில் இருக்கும் அகொஸ்தீனாவின் புருஷன். டிசம்பர் தொடக்கத்தில் மாதா திருநாள் வந்தபோது இரண்டு வீட்டிலும் பொரிக்கவில்லை, யாரும் தட்டும் கொண்டுவரவில்லை. அன்றைக்கு ஊரும் சேர்ந்துதான் காத்திருந்தது. பிறகு மீன் பெட்டி ஒன்றும், பியாஜோவின் மழைக்கோட்டும் கரை ஒதுங்கின. போன ஞாயிற்றுக்கிழமை அகொஸ்தீனா கறுப்பு உடுத்திப் பூசைக்கு வந்தாள். நுன்சியாத்தா அவள் பக்கமே திரும்பவில்லை. ஒதுங்கினது பியாஜோவின் கோட்டுதானே. கதால்தோவுடையது இல்லையே.

நண்பகலில் எதிர்வீட்டு மேனிக்கா வந்தாள். கையில் வெள்ளைத் துணி போட்டு மூடிய தட்டு. வாசல்படியில் ஒரு கால், தெருவில் ஒரு கால்.

"இதை இப்படி வெச்சுட்டுப் போறேன்."

"யாருக்கு?"

மேனிக்கா தட்டை நீட்டினாள்.

"எங்க வீட்டுல எண்ணெய் தீர்ந்துபோகல, மேனிக்கா. மாவு அந்தா பொங்கிக் கெடக்கு. எடுத்துட்டுப் போய் உன் மருமகன் வாயில அடை. போன வருஷம் உன் குல்லூரியைக் கடிச்சுத்தான அந்த மனுஷனுக்குப் பல்லு ஆடுச்சு?"

வேறொரு நாளாக இருந்தால் மேனிக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நுன்சியாத்தாவின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். இன்று, "ஆமா, எனக்குக் கல்லாத்தான் வருது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பிப் போனாள். அந்தப் பணிவைத்தான் நுன்சியாத்தாவால் தாங்க முடியவில்லை.

அடுப்பை மூட்டினாள். வழக்கப்படி முதல் துண்டைச் சிலுவையாக உருட்டி எண்ணெயில் போட்டாள். அது நுரைத்துச் சிரித்துக்கொண்டு மேலே வந்தது. பிறகு வளையங்கள். ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தாள். பொரிக்கிற வாசனை தெருவில் இறங்கி மேல்கோடி வரை ஏறிப் போகட்டும். கேட்காதவர்களுக்கும் சொல்லட்டும், இந்த வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று.

பொரிக்கிற வீட்டுக்குள் நுழைகிறவர்கள் "சான் மார்த்தீனோ!" என்று சொல்லித்தான் நுழையவேண்டும். அந்தப் புனிதரின் பேரைச் சொன்னால் எண்ணெய் குறையாது, மாவு பெருகும், வீடு நிறையும். அந்த ஒரு வார்த்தைக்காக நுன்சியாத்தா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். யாராவது ஒருத்தி வந்து சொல்லிவிட்டால் போதும். அரிகூடை நிறைந்து, இரண்டாவது கூடையும் பாதி ஏறிவிட்டது. யாரும் வரவில்லை. எதிரே ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

"போதும்," என்றான் சவேரியோ. "யாரு திங்கப் போறா?"

"வந்து திம்பான்."

அப்போது தெருவில் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. கதவு சுவரில் மோதித் திறந்தது.

"சான் மார்த்தீனோ! அத்தை, சான் மார்த்தீனோ!"

அகொஸ்தீனா. கறுப்பு உடைதான், ஆனால் தலைத்துணி எங்கோ விழுந்துவிட்டது. ஒரு காலில் செருப்பு இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்க, ஒரு கல்யாணப் பெண்ணைப் போல.

நுன்சியாத்தாவின் கையிலிருந்த ஜல்லிக்கரண்டி தரையில் விழுந்தது. சேதி வந்துவிட்டது. படகுக்காரன் வீட்டுக்குத்தானே முதலில் வரும்!

"எங்க இருக்காங்களாம்?" என்று அலறினாள்.

அதே நேரத்தில் அகொஸ்தீனாவும் கேட்டாள்: "எந்தத் துறைமுகம் அத்தை? கிரேக்கக் கரையா?"

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மாவும் எண்ணெயும் கறுப்புத் துணியில் அப்பிக்கொண்டன. நாற்காலி விழ, சவேரியோ எழுந்து நின்றான்.

"சொல்லுடி! கதால்தோ பேசுனானா?"

"நீங்கதான அத்தை சொல்லணும்? என் மனுஷன் நல்லா இருக்காராமா?"

"உனக்கு யாரு வந்து சொன்னா?"

"சேதின்னு யாரும் வரல," என்றாள் அகொஸ்தீனா. "வாசனைதான வந்துச்சு."

நுன்சியாத்தாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்த பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை.

"நீங்க பொரிக்கிறீங்கன்னு மேனிக்கா பொண்ணுதான் அழுதுக்கிட்டே சொன்னா. நான் நம்பல. கதவைத் தொறந்தேன், வாசனை வந்துச்சு. பெத்தவ பொரிக்கிறான்னா சேதி வராமயா பொரிப்பா? ஒரே படகு. உங்க பையன் வந்தா என் மனுஷனும் வந்துதான ஆகணும்?" பேசப் பேச அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. முகத்தில் சிரிப்பு மட்டும் போக இடமில்லாமல் அப்படியே நின்றது. "அத்தை. சேதி வந்துச்சுதான?"

சவேரியோ சுவரில் உள்ளங்கையை ஊன்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேண்டாம் வேண்டாம் என்றவனும் அந்த அரை நிமிஷம் நம்பிவிட்டிருந்தான்.

சட்டியில் கிடந்த வளையங்கள் கறுத்துப் புகைந்தன. நுன்சியாத்தா குனிந்து அடுப்பை அணைத்தாள்.

"புள்ளைங்ககிட்ட சொல்லிட்டு ஓடியாந்தேன்," என்றாள் அகொஸ்தீனா. "அப்பா வர்றாருன்னு சொல்லிட்டேன்."

"நான்... வந்து..."

"ஒரு தடவை சொல்லிப் புரியவெச்சுட்டேன் அத்தை. அதுக்கே மூணு நாளு ஆச்சு. சின்னவன் இப்பத்தான் கேக்குறதை நிறுத்தியிருந்தான். இன்னொரு தடவை அவரை நான் கொல்லமாட்டேன். என்னால முடியாது." அவள் அழவில்லை. நுன்சியாத்தாவின் ஏப்ரனைப் பிடித்து இழுத்தாள். "நீங்க வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

இருவரும் தெருவில் ஏறி நடந்தார்கள். சாத்தியிருந்த கதவுகளெல்லாம் இப்போது திறந்திருந்தன. கோயில் முற்றத்தில் கிறிஸ்துமஸ் இரவு நெருப்புக்கு மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஆண்கள் கையில் கட்டையோடு அப்படியே நின்றார்கள்.

"சேதியா, நுன்சியா?" என்று ஒருத்தி வாசலிலிருந்து கேட்டாள்.

"இல்ல."

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்று அடுத்த வாசல்.

"இல்ல. ஒண்ணும் இல்ல."

ஒவ்வொரு வாசலுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனாள்.

அகொஸ்தீனாவின் வீட்டு மேசை முழுக்கத் தட்டுகள். காலையிலிருந்து ஊர் கொண்டுவந்து வைத்தவை. எல்லாவற்றின் துணியையும் பிள்ளைகள் விலக்கிவிட்டிருந்தார்கள். சின்னவன் வாயெல்லாம் எண்ணெயாக மென்றுகொண்டிருந்தான். பெரியவள் மரிஸா தனியாக ஒரு தட்டில், உடையாத வளையங்களாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது அப்பாவுக்கு," என்றாள். "இதுல யாரும் கை வெக்கக்கூடாது. எப்ப வர்றாரு?"

அகொஸ்தீனா வாசல் நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நுன்சியாத்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் உயரத்துக்குத் தாழ்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவள் வாய் ஒருமுறைகூட உருவாக்காத சொற்கள் அவை. எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. தன்னுடையதிலிருந்து தொடங்கினாள்.

"என் கதால்தோ செத்துட்டான்மா," என்றாள். "கடல்லயே செத்துட்டான். உங்கப்பாவும்தான். அவங்க வரமாட்டாங்க."

மரிஸா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழங்கை வரை காய்ந்து ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க ஏன் பொரிச்சீங்க?"