ஐந்து மாதமாகப் பன்னிரண்டு வாரம்

ஃபைலின்படி அந்தப் பெண் ஐந்து மாதமாகப் பன்னிரண்டு வாரக் கர்ப்பிணியாகவே இருந்தாள். அவள் ஒவ்வொரு முறை வந்துபோன பிறகும் பெரிய டாக்டர் பழைய குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தார். தேதியை மட்டும் கம்ப்யூட்டர் தானாக மாற்றிக்கொண்டது. ‘பன்னிரண்டு வாரம். சிறுநீர்த் தொந்தரவு இல்லை. எல்லாம் நார்மல்.’

நர்ஸ் எழுதிய பக்கத்தில்தான் வயிறு வளர்ந்தது: இருபது, இருபத்தெட்டு, முப்பத்தைந்து. கடைசி வரியில், ‘நாலு நாளாகச் சிறுநீர் எரிச்சல், அடிக்கடி போகிறது.’ அதற்கும் கீழே ஆய்வகத்தின் கல்ச்சர் ரிப்போர்ட். சிறுநீரில் கிருமி, எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருந்தது. ரிப்போர்ட் வந்து இரண்டு நாளாகியும் யாரும் திறந்து பார்க்கவில்லை. மருந்து எழுதிக் கொடுத்ததாக எங்கும் இல்லை.

மெடிக்கல் கோடருக்குக் காது சூடானது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து நோய்களை எண்களாக மாற்றுவது அவள் வேலை. ரிப்போர்ட்டைப் பார்த்து அவளாக எண் போட முடியாது. இன்ன நோய் என்று டாக்டர் தன் கையால் எழுத வேண்டும். எழுதவில்லையென்றால் அவருக்கு க்வெரி, அதாவது ஒரு கேள்வி, அனுப்ப வேண்டும்.

அன்று பார்த்துக் கேள்வி அனுப்பக்கூடாது. ‘க்வெரி இல்லாத மாதம்’ என்று சுவரை அடைத்துப் பேனர் தொங்கியது. மூன்று மணிக்கு மாடி மண்டபத்தில் விழா. யாரும் கேள்வி கேட்கவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த உண்மையைக் கண்டறிய மேலாளர் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய், கழுத்தில் அடையாள அட்டையோடு திரும்பியிருந்தார்.

“சார், கல்ச்சர் பாசிட்டிவ். மருந்தே குடுக்கல. டாக்டருக்கு க்வெரி போடணும்.”

“நீங்க டாக்டரா?”

“இல்ல சார்.”

“நர்ஸா?”

“இல்ல.”

“அப்புறம் என்னங்க? வழக்கமான பரிசோதனைன்னு எண்ணப் போட்டு மூடுங்க.”

“எத்தனாவது மாசம்னு கம்ப்யூட்டர் கேக்குதே?”

“‘குறிப்பிடப்படவில்லை’ன்னு ஒரு எண் வச்சிருக்கான்ல, புண்ணியவான்? எதுக்கு வச்சிருக்கான்?”

போன மாதம் வேறொரு கர்ப்பிணியின் ஃபைலுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அவளும் வாயை மூடிக்கொண்டு போட்டாள். பத்தே நாளில் அந்த ஃபைல் திரும்பி வந்தது: சிறுநீரகத் தொற்று. மறுநாள் இன்னோர் எண்: குறைமாதப் பிரசவம். பிறகு குழந்தைக்கென்று தனி ஃபைல். அதில் இரண்டே பக்கம். எல்லா எண்ணையும் போட்டது இவள் விரல்தான்.

கர்ப்பிணிப் பிரிவுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. கைதட்டுவதற்காக அத்தனை பேரையும் மண்டபத்துக்கு ஓட்டிப்போயிருந்தார்கள்.

அவள் ஃபைலை அச்செடுத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்து சீட்டுக்காரி முந்தானையைப் பிடித்தாள். “அக்கா, வேணாம். வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டும்டி. உக்காந்து உக்காந்து எனக்கும் இடுப்பு புடிச்சுப்போச்சு.”

மண்டபத்தில் பெரிய டாக்டர் மேடையில் வீற்றிருந்தார். ‘முழுமையான ஆவணப்பதிவு’க்கான கேடயம் மடியில், பிறந்த குழந்தையைப்போல. மேலாளர் அரை மணி நேரம் பேசினார். துல்லியம் என்ற சொல் பதினோரு முறை வந்தது. கடைசியில், வாய்ப்பழக்கத்தில், “யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

“எனக்குக் கேக்கணும்,” என்றாள் கோடர்.

மேலாளரின் முகம் பேனரைவிட வெளுத்தது.

“டாக்டர், ஒரு ஃபைல். பேரு சொல்லல. எத்தன வாரம்னு தெரியணும்.”

“நோட்ஸ்ல தெளிவா எழுதியிருக்கேனேம்மா.”

“பன்னண்டுன்னு எழுதியிருக்கீங்க.”

“அப்பப் பன்னண்டுதான்.”

“அஞ்சு மாசமாப் பன்னண்டு வாரம், டாக்டர். உங்க நோட்ஸுக்குப் பயந்து அந்தப் புள்ள வளராம நிக்குதா?”

பின்வரிசையில் நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

“கிளார்க் யாராவது செஞ்ச தப்பா இருக்கும். இதையெல்லாம் இங்க வந்து...”

“உண்மையில முப்பத்தஞ்சு வாரம். எரிச்சல்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. கல்ச்சர் பாசிட்டிவ். ரெண்டு நாளா ரிப்போர்ட் கெடக்கு. ஒரு மாத்திர போகல. போன மாசம் இதே மாதிரி ஒருத்தங்களுக்கு நான் எண் போட்டேன். அவங்க புள்ளைக்கும் போட்டேன். இன்னொரு தடவ போட மாட்டேன்.” குரல் உடைந்தது. கோபத்தில்தான்.

சிரிப்பு நின்றுபோனது. தலைமை நர்ஸ் எழுந்து வந்து, “குடு இப்படி,” என்று ஃபைலைப் பிடுங்கினார். அங்கேயே நின்று செல்போனில் எண்ணை அழுத்தினார். மண்டபம் முழுக்க ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்டது.

“ஆஸ்பத்திரிலேர்ந்தும்மா. எரிச்சல் எப்படி இருக்கு? ... காய்ச்சல்? ... அடிவயிறு இறுக்கிப் பிடிக்குதா? எப்பலேர்ந்து? ... மாசம் ஏறினா அப்படித்தான்னு யாரு சொன்னா? ... அதெல்லாம் இல்ல. உடனே கெளம்பி வா. கூட யாரு இருக்கா? அவர்கிட்ட குடு.”

பெரிய டாக்டர் கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு நர்ஸுக்குப் பின்னால் நடந்தார். கேடயத்தை யாரும் எடுக்கவில்லை. கேக்கை மட்டும் எடுத்தார்கள்.

மாலையில் திரையில் புதுக்குறிப்பு வந்தது. ‘முப்பத்தைந்து வாரம். சிறுநீர்ப்பைத் தொற்று. சிறுநீரகத்துக்கு ஏறவில்லை. ஊசி மருந்து தொடங்கியாயிற்று. வயிற்று இறுக்கம் தணிந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு சீர்.’ ஐந்து மாதத்தில் டாக்டர் சொந்தமாகத் தட்டிய முதல் வரிகள். மூன்று இடத்தில் எழுத்துப்பிழை. அவள் இரண்டு முறை படித்துவிட்டு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்துக்குரிய எண்ணைப் போட்டாள்.

மறுநாள் காலையில் மேலாளரின் எச்சரிக்கைக் கடிதம் மேஜைமேல் கிடந்தது. ‘விழாவில் அனுமதியின்றிக் கேள்வி எழுப்பியதற்காக’ என்று கம்பீரமாகத் தொடங்கியது. இரண்டாவது பத்தியில், ‘ஆம்புலன்ஸ் ஓட்டுநராகிய தாங்கள், சீருடையின்றி வாகனத்தை இயக்கியதும் கண்டிக்கத்தக்கது’ என்றிருந்தது. தேதி போன வருடத்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலாளருக்கே ஒரு க்வெரி தட்டினாள்: ‘இக்கடிதம் யாரைப் பற்றியது, எந்த வருடத்தது என்று தங்கள் கையால் எழுதித் தரவும். “குறிப்பிடப்படவில்லை” ஏற்கப்படாது.’