குழந்தை வண்டியில் மண் மூட்டை

காட்டு வழியில் எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் சிரிப்பார்கள். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற பெண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் முகம் மலராது? பக்கத்தில் வந்து, "தூங்குதா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பூப்போட்ட துணியில் தைத்த மண் மூட்டை ஒன்று பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள் பாருங்கள், அந்தப் பார்வைக்கே சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம்.

எனக்குப் பைத்தியம் எல்லாம் இல்லை. நடைபாதை அலுவலகத்தில் வேலை. காட்டுக்குள் அங்கங்கே பழைய கல் கிராமங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே போகிற பாதைகளில் எதில் குடும்பத்தோடு நடக்கலாம் என்று சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. குழந்தை வண்டி சிரமமில்லாமல் போனால் பாதை முகப்பில் வண்டிப் படம் போட்ட பலகை வைப்பார்கள். காலி வண்டியைத் தள்ளிப் பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு வேருக்கும் கல்லுக்கும் துள்ளும். அதனால் நாலு வயதுக் குழந்தையின் எடைக்கு மண் நிரப்பி உட்கார வைக்க வேண்டும் என்பது அலுவலக விதி. அவர்கள் கொடுத்தது சிமெண்ட் சாக்கு. பார்க்கச் சகிக்கவில்லை. என் பழைய நைட்டியைக் கிழித்து நானே ஒரு உறை தைத்துப் போட்டேன்.

நாள் முழுக்கக் காட்டில் தனியாக நடக்கிறவள் யாரோடாவது பேசத்தானே வேண்டும்? மூட்டையோடு பேசினேன். "பள்ளம் வருது, பிடிச்சுக்கோ" என்பேன். "வெயில் மூஞ்சில அடிக்குதா?" என்று கேட்டு மேல்துணியை இழுத்துவிடுவேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. எப்போது விளையாட்டு இல்லாமல் போனது என்று எனக்கே தெரியாது. "குடும்பப் பாதையை எல்லாம் குடும்பம் இல்லாத நீங்க நடந்து பாக்குறீங்க" என்று மேலாளர் ஒரு நாள் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அவரை வாய் வலிக்கத் திட்டினேன்.

எனக்கென்று இருப்பது ஒரே தம்பி. பெரிய நகரத்தில் மனைவி, நாலு வயது மகளோடு இருக்கிறான். "குட்டியைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை வாடா, பாதை எல்லாம் ரொம்ப சுலபம்" என்று எப்போது கூப்பிட்டாலும் "பார்க்கலாம்க்கா" என்பான். அந்த ஒரு சொல்லை வைத்தே என்னை வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தான். குட்டிக்கு நான் போன் திரையில் அசைகிற ஒரு முகம், அவ்வளவுதான். "அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்றால் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவள் வாயால் ஒரு தடவை அத்தை என்று கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி என்றே சொல்லலாம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டார்கள். இருப்பதிலேயே நல்ல பாதையாகப் பார்த்து வைத்திருந்தேன். மரங்களுக்கு நடுவே மெத்தென்ற மண் வழி, ஓரத்தில் சின்ன ஓடை, முடிவில் கல் வளைவு வாசலோடு ஒரு கிராமம். வாசலைத் தாண்டிக் கிணற்றடியில் ஒரு பெஞ்சை முதல் நாளே போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தேன். இந்த முறை பிடித்துவிட்டால் இனி அடிக்கடி வருவார்கள் என்று மனக்கணக்கு.

தம்பி காதில் போனோடு காரிலிருந்து இறங்கினான். அவன் மனைவி குதிகால் உயர்ந்த செருப்போடு இறங்கினாள். குட்டி இறங்கி, என்னைத் தாண்டி நேராக வண்டியிடம் போய் நின்றாள்.

"உள்ள யாரும்மா?" என்று அவள் அம்மாவைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை.

"ஏய் மூட்டை, எந்திரி. குட்டிக்கு இடம் குடு" என்றேன், பழக்க தோஷத்தில். தம்பி மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள் குட்டி. "பாப்பா உக்காரட்டும். நான் தள்றேன்."

தள்ளினாள். தம்பி ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டான். பாதை நெடுக அவள் மூட்டையோடுதான் பேசினாள். "பாப்பா, அங்க பாரு அணில்." "பாப்பா, பயப்படாத." நான் காட்டிய காளானையும் பறவைக் கூட்டையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பாதையில் என் பின்னால் மனிதக் குரல் கேட்பது அன்றுதான் முதல் தடவை. வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

வளைவு வாசல் தெரிந்தது. அங்கிருந்து கிராமத்துக்குள் கல் பாவிய சரிவு இறங்குகிறது. நான் தம்பி மனைவிக்கு வாசலில் செதுக்கியிருந்த சிங்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். தம்பியின் போன் மறுபடி அடித்தது. அவன் வண்டியிலிருந்து கையை எடுத்தான்.

வண்டி சரிவில் உருள ஆரம்பித்தது. குட்டி பிடியை விடாமல் இரண்டு எட்டு ஓடினாள். தடுக்கிக் குப்புற விழுந்தாள். வண்டி தடதடவென்று கீழே போனது.

நான் ஓடினேன். உயிரைக் கொடுத்து ஓடினேன். விழுந்து கிடந்த குழந்தையைத் தாண்டிப் போய், கிணற்றுச் சுவரில் மோதுவதற்குள் வண்டியைப் பிடித்து நிறுத்தினேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மூட்டையைத் தட்டிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். தம்பி மனைவி குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் முழங்காலில் ரத்தம்.

"நல்லா இருக்கு அண்ணி" என்றாள். சத்தம் போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "என் புள்ள விழுந்து கிடக்கா. நீங்க மண்ணைப் பிடிக்க ஓடுறீங்க."

என்ன சொல்ல முடியும்? தினமும் அந்த வண்டியைத்தான் பிடிக்கிறேன், கால் தானாக அங்கே போய்விட்டது என்றா? அவள் சொன்னது அத்தனையும் உண்மை. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கழுவி வைத்த பெஞ்சு கூப்பிடு தூரத்தில் இருந்தது. யாரும் உட்காரவில்லை. அங்கேயே திரும்பிவிட்டோம். குட்டி அப்பா தோளிலிருந்து வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கார் அருகில் வந்ததும் ரகளை. பாப்பாவும் வரணும் என்று உருண்டு புரண்டு அழுதாள். கடைசியில் தம்பி முக்கி முனகி மூட்டையைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்து, அவள் சொன்னபடி பெல்ட்டும் போட்டான். "அப்புறம் பேசறேன்க்கா" என்றான். கார் போய்விட்டது.

காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு அலுவலகக் கொட்டகைக்குத் திரும்பினேன். கனம் இல்லாத வண்டி கடகடவென்று ஆடியது. பள்ளம் வந்தபோது "பிடிச்சுக்கோ" என்று வாய்வரை வந்துவிட்டது. காட்டில் வாய்விட்டு அழுதால் கேட்க ஆள் இல்லை என்பது ஒரு வசதி. அழுதேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, உன் மூட்டை வழியிலயே தையல் பிரிஞ்சு போச்சு. கார் முழுக்க மண்ணு. பெட்ரோல் பங்க் ஓரமா கொட்டிட்டோம்."

"துணி?"

"அதையும்தான். இவ வேற கத்துறா." அவனுக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. "நான் பாப்பாவைத் தூக்கிப் போட்டுட்டேனாம். அத்தைதான் ஓடிப் போய்ப் பாப்பாவைக் காப்பாத்துனாங்களாம். அத்தைகிட்ட பேசணுமாம்."

"என்ன சொன்னா?"

"அதான், அத்தைகிட்ட..."

"நீ சொல்லாதடா. அவளைச் சொல்லச் சொல்லு."

போன் கை மாறியது. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அத்தை" என்றாள் குட்டி. "பாப்பா போயிடுச்சு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "எங்கயும் போகலடா கண்ணு. அத்தை புதுச் சட்டை தச்சுப் போட்டு வைக்கிறேன். கால் வலிக்குதா?" என்றேன்.

"இல்ல. பாப்பாவுக்கு அடி பட்டுச்சா?"

"படல. அத்தை பிடிச்சுட்டேன்ல?"

தம்பி போனை வாங்கிக்கொண்டான். "கூரியர்ல அனுப்பிடுக்கா. இல்லாட்டி இவ விடமாட்டா."

"மண்ணை எவன்டா கூரியர்ல அனுப்புவான்? வந்து வாங்கிக்கச் சொல்லு."

"பார்க்கலாம்க்கா" என்றான்.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் கொட்டகையில் மண் அள்ள உட்கார்ந்தேன். இருந்த ஒரே நல்ல நைட்டியைக் கிழித்துத் தைத்த உறை, இந்தத் தடவை இரட்டைத் தையல். தராசில் வைத்தபோது நாலு வயதுக் குழந்தையின் எடை சரியாக இருந்தது. விதிப்படி அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதற்குள் அவள் எவ்வளவு வளர்ந்திருப்பாளோ. மேலாளர் கேட்டால் கேட்கட்டும் என்று இன்னும் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டு மூட்டையின் வாயைத் தைத்தேன்.