நொட்டைக்குருவிக்கு இரண்டு பக்கம்

என் அக்கா ஓர் உலகத்தையே படைத்தவள். இதுவரை ஆறு பாகம், மூன்று கடல், எண்ணி மாளாத அரச வம்சங்கள். அந்த உலகத்துக்கு ஒரு துணைநூல் தயாரிக்க வேண்டும், படங்களோடு, புராண விளக்கங்களோடு. அவளுடைய புத்தகங்களைப் போடும் பதிப்பகத்திலேயே நான் எடிட்டர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அக்கா பாட்டுக்கு எழுதிவிட்டுப் போய்விடுவாள். ஒரு பாகத்தில் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த கோட்டை அடுத்த பாகத்தில் மேற்கே நிற்கும். அதைத் தூக்கிப் பழைய இடத்தில் வைப்பது நான்தான்.

துணைநூலில் ஒவ்வொரு பிராணிக்கும் இரண்டு பக்கம். இடது பக்கம் படம். வலது பக்கம் அதன் வேர், அதாவது எந்தப் பழங்கதையிலிருந்து அது முளைத்தது என்ற ஆராய்ச்சி. வலது பக்கத்தை எழுதுகிறவரை ஆபீசில் வேர்க்காரர் என்போம். உலகத்துப் புராணங்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர். ஒரு தவளையைக் காட்டினால் போதும், நாலைந்து மழைத் தெய்வங்களோடு வந்து நிற்பார்.

தூங்கும் மலை என்று ஒன்று உண்டு. அது குறட்டை விட்டால் மூன்று ராஜ்ஜியங்கள் அதிரும். பூமியைச் சுமக்கும் ஆதி ஆமையின் மறுவடிவம் என்று வேர்க்காரர் எழுதியிருந்தார். அது எங்கள் பெரியப்பா. கதவுகளை எண்ணும் பூதம் பாதாள வாசலின் காவலனாம். அது அப்பா, படுத்த பிறகும் எழுந்து வந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். இரட்டை நாக்குச் சூனியக்காரிக்கு ஒரு பக்கம் போதாமல் அடிக்குறிப்பு வேறு. சித்தி படித்தால் பூரித்துப்போவாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வாசகர்களுக்கு ஆமைதான் வேண்டும், பெரியப்பா வேண்டாம். ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த உலகத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். எதிர்வீட்டு நாய்கூட இருக்கிறது, தளபதியாக. நான் மட்டும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிவிட்டேன். இளவரசிகளில் தேடினேன், தோழிகளில் தேடினேன், மனம் பலவீனமாக இருந்த ஒரு நாள் வெள்ளைக் குதிரையில்கூடத் தேடினேன். இத்தனை பெரிய உலகத்தில் கூடப்பிறந்தவளுக்கு ஒரு மூலை கொடுக்க மனசு வரவில்லையே என்று வலித்தது. போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

இப்படி இருக்கையில் நூலில் இரண்டு பக்கம் கூடிவிட்டது. அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் என்றால் முதலாளி என்னையும் சேர்த்து மடித்துவிடுவார். ஏதாவது ஒரு பிராணி போயாக வேண்டும். நான் யோசிக்கவே இல்லை, நொட்டைக்குருவியை எடுத்தேன்.

நொட்டைக்குருவி நாயகியின் தோளில் உட்கார்ந்திருக்கும். சண்டை போடாது, வழி காட்டாது, மந்திரம் தெரியாது. நாயகி எதைச் செய்தாலும் நொட்டை சொல்லும். வாளைப் பிடித்த பிடி சரியில்லை, கூடாரத்தை யாராவது சரிவில் போடுவார்களா, இந்தச் சத்தியத்துக்கு இப்போது என்ன அவசரம். கதைக்கு ஒரு துரும்பு உபயோகம் கிடையாது. போதாக்குறைக்கு மூன்றாம் பாகத்தில் பனியில் விறைத்துச் செத்துவிடுகிறது. நான்காம் பாகத்தில் அது இல்லை. ஐந்தாம் பாகத்தில் ஒரு விளக்கமும் இல்லாமல் மறுபடி தோளில் உட்கார்ந்து, சூப்பில் உப்பு இல்லை என்கிறது. சாம்பலிலிருந்து எழும் பறவைகளின் மரபு என்று வேர்க்காரர் பக்கம் முழுக்க உருகியிருந்தார். ‘ஆசிரியரின் மறதி’ என்று ஓரத்தில் எழுதி இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்தேன்.

“அதைப் போயா எடுக்கறீங்க மேடம்?” என்று ஓவியர் கேட்டார். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் படம் வரைந்த வாரம் முழுக்க என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, “கொஞ்சம் அப்படியே இருங்க மேடம், வெளிச்சம் பாக்கறேன்” என்று உயிரை வாங்கியவர். வெளிச்சம் பார்க்க என் முகம் எதற்கு என்று அப்போதே கேட்டேன். படத்தில் அலகு அளவுக்கு மேல் தூக்கியிருந்தது, அதையும் சொன்னேன்.

நூல் அச்சுக்குப் போக அக்கா சம்மதிக்க வேண்டும். அவள் சம்மதிக்கவில்லை. “குருவி இல்லாட்டி புக் இல்ல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நேரில் போய் நாலு வார்த்தை கேட்டால்தான் ஆறும் என்று கிளம்பினேன்.

சாப்பாட்டு மேஜை முழுக்க ஏழாம் பாகத்தின் தாள்கள். அதுதான் கடைசிப் பாகம். அடுக்களையில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தக் குருவி உன்னை என்னடி பண்ணுச்சு?” என்றாள் அக்கா.

“ஒண்ணும் பண்ணலை, அதான் பிரச்சினை. இத்தனை பாகத்துல உருப்படியா ஒரு காரியம் பண்ணலை.”

“கூடவே இருந்துச்சே.”

“இருந்தா போதுமா? சரி, செத்த குருவி எப்படித் திரும்பி வந்துச்சு? வாசகர்கள் இன்னிக்கு வரைக்கும் அடிச்சுக்கறாங்க. வேர்க்காரர் சாம்பல் கீம்பல்னு எழுதியிருக்கார். அவர் காதுல வேணா பூ சுத்து, என் காதுல சுத்தாதே. நீ மறந்துட்டே.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “மூணாம் பாகம் நான் எப்ப எழுதினேன்?”

எப்போது என்று எனக்குத் தெரியும். இரண்டாம் பாகத்தின் வெளியீட்டு விழாவில் தங்கை என்று என்னை மேடையில் பேசச் சொன்னார்கள். பேசினேன். இருநூறு பக்கம் போர் நடக்கிறது, ஒருவன்கூடச் சாப்பிடவில்லை என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. எழுதிய தாள்கள் மட்டும் முதலாளி வழியாக வந்து போக, வருஷங்கள் ஓடின. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிவந்தது. அவள் கையிலிருந்த காபியைப் பார்த்து, “ஆறினதைப் போய்க் குடிக்கிறியே” என்றேன். அப்படித்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம். அதற்கு அடுத்த வருஷம் ஐந்தாம் பாகம் வந்தது.

இயந்திரம் நின்றது.

“நானா?” என்றேன்.

“பின்னே? இளவரசின்னு நெனச்சியா?”

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “குருவி! அதுவும் நொட்டைக்குருவி! ஊர் பூரா தெரியுமா இது?”

“நான் யார்கிட்டயும் சொல்லலை. ஓவியர் படிச்சதுமே கண்டுபிடிச்சுட்டார். உனக்குத்தான் தெரியலை.” அவள் சிரிக்கவில்லை. “ஒவ்வொரு பாகத்துக்கும் உங்க முதலாளி அதை எடுத்துரச் சொல்வார். கதையோட வேகத்தைக் கெடுக்குதாம். முடியாதுன்னுட்டேன். இப்ப நீயே எடுத்துட்டே. அப்புறம் நான் யாருக்காகப் பிடிச்சு வெச்சுக்கணும்? கடைசிப் பாகத்துல அவ தனியாத்தான் போறா. அப்படித்தான் எழுதிட்டு இருக்கேன்.”

எனக்கு அழுகை வந்தது. வெட்கப்பட ஒன்றும் இல்லை, வந்தது. நான் தேடாத இடமில்லை. அவளோ என்னை நாயகியின் காதுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். நான் என்னைப் பார்த்து, உபயோகமில்லை என்று குறுக்கே கோடு போட்டிருந்தேன்.

“குருவி பக்கம் உள்ளே போகுது” என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“இடம்?”

“சித்தியை எடுத்துடறேன்.”

“வேர் என்னன்னு போடப்போறே?”

“வேர்க்காரர் எழுதினதே இருக்கட்டும். அதுல நான் கை வைக்கலை.”

என் வேலைக்காலத்தில் ஒரு தவறைத் தெரிந்தே விட்டுவைத்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு அதன் அருமை தெரியவில்லை, தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். மேலே இருந்த தாளை நான் இழுத்துப் படித்தேன். நாயகி விடைபெற்றுக்கொண்டு படகில் ஏறுகிறாள். வானம், காற்று, அலை, எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

“படகுல ஏறுறா, சரி. துடுப்பு எங்கே?” என்றேன். “போர்வைகூட எடுத்துக்கலை. ஆத்துல வெள்ளம்னு போன பாகத்துலதானே எழுதினே? இந்த மக்கு தனியாப் போனா ரெண்டாம் பக்கமே முழுகிடுவாளே, ஒருத்தரும் சொல்ல மாட்டாங்களா?”

அக்கா பென்சிலைத் தேடி எடுத்தாள். தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“மெதுவா சொல்லு,” என்றாள். “எழுதிக்கணும்.”