முதல் அத்தியாயத்தில் நின்றவன்

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்திவந்த லிடியா, தன் தம்பி ஆல்பினைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் கல்வராயன் மலையில் அருவிப் பாறையிலிருந்து வழுக்கி விழுந்து செத்துப்போனவன் அவன். நாவல் தொடங்கும்போது கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பான். அந்த அத்தியாயத்தைத் தாண்டி லிடியா ஒரு வரிகூட எழுதியதில்லை. அடிப்பாள், மாற்றுவாள், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். இரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

“முதல்ல கடைசி வரைக்கும் எழுதி முடிடி. திருத்தறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்,” என்பாள் ஜெயசுதா. லிடியாவோடு வேலை பார்த்தவள். இப்போது கச்சிராயபாளையத்தில் வேறு பள்ளிக்கு மாறியிருந்தாள்.

“ஆரம்பமே சரியா அமையாம எப்படி மேல போறது?” என்பாள் லிடியா.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஜெயசுதா போன் செய்தாள். குரல் சரியில்லை.

“தப்பா நினைச்சுக்காத. எங்க ஸ்டாப்புல உன் தம்பி சாயல்ல ஒருத்தன் தெனம் குந்திக்கினு இருக்கான். மலை பஸ் வந்தா எழுந்திருக்கறான், ஏறாம மறுபடியும் குந்திடறான்.”

“வேற யாராவது இருக்கும்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். போன வாரம் பூரா நீலச் சட்டை. இன்னைக்கு கட்டம் போட்ட சட்டை.”

லிடியா மேசை மேலிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடுதான் நீலத்தை அடித்துவிட்டுக் கட்டம் போட்ட சட்டை என்று மாற்றியிருந்தாள். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அன்றைக்கே இன்னொரு வரி சேர்த்துப் பார்த்தாள். ஆல்பினின் இடது கால் செருப்பு அறுந்துபோகிறது, தூக்கி எறிந்துவிடுகிறான்.

மறுநாள் ஜெயசுதா மூச்சு வாங்கப் பேசினாள். “கிட்ட போய்ப் பாத்தேன் லிடியா. ஆல்பினேதான். ஒரு கால்ல செருப்பு இல்ல. ‘என்னிக்குக்கா நான் போறது?’ன்னு கேட்டான். ஓடியாந்துட்டேன்.”

அருவிக்குப் போகவிடாமல் இத்தனை நாளாக அவனை அந்த பெஞ்சிலேயே உட்காரவைத்திருப்பது தான்தான் என்று லிடியாவுக்குப் புரிந்தது. வெகுநேரம் அழுதாள். நேரில் போய்ப் பார்த்தால் அவனை அனுப்ப மனம் வராது என்று தெரிந்தது.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தாள். எதையும் அடிக்கவில்லை. அவனைப் பஸ்ஸில் ஏற்றினாள். வாக்கியங்கள் கோணிக்கொண்டு வந்தன, ஒரே சொல் மூன்று இடத்தில் வந்தது, விட்டுவிட்டாள். வளைவுகள் முடிந்து வெள்ளிமலை வந்தது. பாறை வந்தது, பாசி வந்தது. அவன் கால் வைக்கும் இடத்தில் பேனா நின்றது. நான்கு பக்கம் பின்னால் போய், மழையே பெய்யாத நாளாக மாற்றிவிடலாம் என்று கை பரபரத்தது. மாற்றவில்லை. ஒன்பதாம் நாள் காலை, அவனைக் கல்லறையில் இறக்கி நாவலை முடித்தாள்.

“இப்ப அவன் இல்ல,” என்றாள் ஜெயசுதா. “ஆனா அவன் குந்தியிருந்த எடம் ஈரமாவே இருக்குது. இந்த வெயில்லயும் காயல.”

லிடியா நேரில் போனாள். பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குத் தண்ணீர் மினுங்கியது. அதன் மேலேயே உட்கார்ந்தாள். புடவையைத் தாண்டி ஏறிய குளிர் ஊர்த் தண்ணீரின் குளிராக இல்லை.

“அங்க குந்தாதம்மா, நனைஞ்சிடும்,” என்றாள் கூடையோடு நின்ற ஒருத்தி.

“பரவால்லங்க.”

மலை பஸ் வந்தது. நான்கு வருடமாக அந்தப் பக்கமே தலைகாட்டாதவள், எழுந்து ஏறி, வெள்ளிமலைக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.